பிந்தி வந்த குரல்

தம்பி,

இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை நீ இன்றைக்கும் உதட்டை அசைத்துத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அது நல்லது. இது மெதுவாக வாசிக்கவேண்டிய விஷயம். இங்கிலீசில் எழுதினால் எனக்கு வேலைத்தளத்து அறிக்கை மாதிரித்தான் வரும். நீயும் மெட்ரோவில் போகிற போக்கில் வாசித்து முடித்து, 'ஓகே அம்மா' என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை டொலார்ட் முருகன் கோயிலால் திரும்பி வரும்போது, ஹைவேயில் ஏறி வண்டிகளோடு வண்டியாகக் கலந்த பிறகு, றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் சொன்னாய். "அம்மா, கேம் கொம்பனி வேலையை விடப்போறன். வடக்கில ஒரு இனுயிட் ஆதிக்குடி ஊரில ஆர்ட்ஸ் படிப்பிக்கிற இடத்தில கோடிங் படிப்பிக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." அப்பா பின்சீட்டில் இருந்து, அங்கே மரக்கறி கிடைக்குமா என்று கேட்டார். நான் மடியில் இருந்த பிரசாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருதரம் என் பக்கம் திரும்பி, "நீங்கள் செய்த வேலையைத்தானே அம்மா நானும் செய்யப்போறன். ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீங்கள்?" என்றாய். வீடு வந்து, பிரசாதத்தை மேசையில் வைத்து, நீ போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதற்குத்தான் இது.

நான் அந்த வேலைக்கு எப்படிப் போனேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். நீ சீஜெப் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற மெசின்களுக்கு நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்களைக் கொண்டுபோகவில்லை. அந்த வயதில் எனக்கு இன்னொரு தொழிற்சாலை கதவு திறக்காது என்று தெரிந்தது. அப்போதுதான் டோனாவைச் சந்தித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கானவாகேயில் பிறந்த மொஹாக் ஆதிக்குடிப் பெண். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில், நகரத்தில் வாழ்கிற ஆதிக்குடி ஆட்களுக்காகச் சின்னதாக ஒரு கலைப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். மணிவேலை, செதுக்கல், தோல்வேலை, வீடியோ எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமிங்கும் படிப்பிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. "வேலை எடுத்துக் குடுக்கிறதுக்கு இல்லை," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "எங்கட ஆக்களுக்கு வேலை எடுத்துத் தாறம் எண்டு கனபேர் வந்து போயிட்டினம். ஊசி மாதிரி, கத்தி மாதிரி இதையும் கையில எடுத்து எதையாவது செய்யிற ஆக்கள் எனக்கு வேணும்." அவள் பேசிய இங்கிலீசை என் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்கள் பேசியதையும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

முதல் வகுப்பில் நான் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரியே தொடங்கினேன். ஒரு கடை, கடையில் சாமான்கள், எத்தனை விற்றது, எத்தனை மிச்சம். மரம் செதுக்குகிற, க்ரீ இனத்து மனிதர் ஒருவர் முன்னால் இருந்தார். என்னைவிட மூத்தவராக இருக்கவேண்டும். அவர் கையை உயர்த்தாமலேயே, "ஏன் எல்லா உதாரணமும் எதையோ எண்ணுறதாவே இருக்குது?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.  அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் தாங்கள் செய்கிற ஒன்றைக் கொண்டுவந்து, அதை ஒருநாளும் பார்க்காத ஒருவருக்கு விளங்குகிற மாதிரி, முதலில் என்ன, பிறகு என்ன, எப்போது நிறுத்துவது என்று சொல்லவேண்டும் என்றேன். புரோகிராமிங் என்பது அவ்வளவுதானே. நீயும் உன் வகுப்பை அப்படித் தொடங்கலாம். நான் படிப்பித்ததில் இன்றைக்கும் சரியென்று நினைக்கிறது அது ஒன்றுதான்.

எல்லாரும் கொண்டுவந்தார்கள். அலாசி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். வடக்கே, றோட்டே போகாத ஒரு கடலோர ஊரில் பிறந்தவள். தாயை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தாய் இறந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். பகலில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. அவளுடைய முறை வந்தபோது, "நான் செய்யிறதுக்கு இன்னொரு ஆள் வேணும்," என்றாள். பிறகு எழும்பி நின்று தொண்டையால் ஒரு சத்தம் எழுப்பினாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, வெளியே விடும்போது ஒன்று. நடுவில் இடைவெளி. திரும்பவும் சத்தம், திரும்பவும் இடைவெளி. "இது பாதி," என்றாள். "மற்றப் பாதி என்ர தங்கச்சி லீசியிட்ட இருக்குது."

நீ போகிற ஊரில் இதை நேரில் கேட்பாய். இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, ஒருவரின் முழங்கையை மற்றவர் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். ஒருத்தி தொடங்குவாள். அவள் விடுகிற இடைவெளியில் மற்றவள் தன் சத்தத்தை வைப்பாள். வெளியே நின்று கேட்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியாது. நாங்கள் பாட்டு என்கிறோம், அவர்களுக்கு அது விளையாட்டும்கூட. யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ, யாருக்கு முதலில் சிரிப்பு வருகிறதோ அவர் தோற்றுப்போவார். அநேகமாகச் சிரிப்பில்தான் முடியும். அலாசியும் லீசியும் நடக்கப் பழகின காலத்தில் இருந்து இப்படிப் பாடினவர்கள். அலாசி மொன்றியலுக்கு வந்த பிறகு வீடியோ கோலில் பாடிப் பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை. சத்தம் சாட்டிலைட்டுக்கு ஏறி இறங்கி வருவதற்குள் இடைவெளி கடந்துவிடும். லீசி சரியான நேரத்தில்தான் பாடுவாள், ஆனால் அது பிந்தித்தான் வந்து சேரும். "இந்தத் தாமதத்தை எடுத்துவிடுகிற புரோகிராம் எழுதலாமா?" என்று கேட்கத்தான் அவள் வகுப்புக்கே வந்திருக்கிறாள்.

உனக்குப் பெரியம்மாவோடு போனில் கதைத்தது ஞாபகம் இருக்குமோ தெரியாது. சண்டைக் காலம். பெரியம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேசன் கடைக்கு வந்து, வரிசையில் நின்று எங்களுக்கு எடுப்பா. அவ கேட்டது எங்களுக்குப் பிந்தி வரும். நாங்கள் சொன்னது அவவுக்குப் பிந்திப் போகும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைப்போம், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்போம். ஒருநாள் நீ உன்னுடைய பள்ளிக்கூடத்துப் பாட்டைப் போனில் பாடினாய். முடித்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாய். பதில் வரவில்லை. றிசீவரை என்னிடம் தந்துவிட்டு, "பெரியம்மாவுக்குப் பிடிக்கேல்லை," என்று சொல்லிப்போட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாய். அவ அந்தப் பக்கத்தில் கைதட்டிக்கொண்டிருந்தா. நான் உன்னைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவவோடு கதைக்க நீ வந்ததில்லை. அலாசி கேட்டபோது எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் உள்ளதைச் சொன்னேன். தூரத்தை எந்தப் புரோகிராமாலும் குறைக்க ஏலாது என்றேன். அவள் அடுத்த கிழமை வந்து வேறு மாதிரிக் கேட்டாள். "லீசி அடுத்ததா என்ன சத்தம் வைப்பாள் எண்டு எனக்கு எப்பவும் தெரியும். எனக்குத் தெரியுமெண்டால் மெசினுக்கும் தெரியப்பண்ணலாம்தானே? அவளின்ர குரல் வந்து சேருமட்டும் மெசின் அந்த இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கட்டும்." தம்பி, நான் முப்பது வருசம் புரோகிராம் எழுதியிருக்கிறேன். இதைவிட வடிவான ஒரு யோசனையை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

மெசின் அந்த இடைவெளிகளில் வைப்பதற்கு, லீசி ஊரில் இருந்து தன் குரலைப் பதிந்து அனுப்பினாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உடுப்பு மாட்டுகிற அறைக்குள் நின்று, தடித்த குளிர் கோட்டுகளுக்கு நடுவில் பதிந்தாளாம், எதிரொலி வராமல் இருக்க. அக்காவோடு திரும்பப் பாடலாம் என்ற சந்தோசம் ஒவ்வொரு பதிவிலும் இருந்தது. ஒவ்வொன்றும் சிரிப்பில்தான் முடிந்தது. எங்களுக்குச் சுத்தமான சத்தம் வேண்டியிருந்ததால், சிரிப்புகளை வெட்டி எடுத்து வேறு போல்டரில் போட்டோம். குசினி வேலை முடிந்து, எண்ணெய் மணக்கிற கையோடு வந்து, அலாசி வரி வரியாகப் புரோகிராம் எழுதப் படித்தாள். அவள் தனியாக எழுதிய முதல் நிபந்தனை வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். லீசியின் குரல் நேரத்துக்கு வந்தால் அதை ஒலிக்கவிடு, நேரம் பிந்தி வந்தால் அதைக் கைவிடு. வரி சரி. பிழை ஒன்றும் இல்லை. நான் அவளுடைய தோளில் தட்டினேன்.

அது வேலை செய்த நாளில் பள்ளி முழுக்க வந்து அறைக்குள் நின்றது. திரையில் லீசி, அறைக்குள் அலாசி. இரண்டு குரலும் ஒரு இழைகூட விலகாமல் பின்னிப் பின்னிப் போயின. அந்தச் செதுக்குகிற மனிதர் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். டோனா அழுதாள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரம் பாடினார்கள். அலாசியின் முகத்தில் சதை வைத்தது. வகுப்பில் மற்றவர்களுக்கும் அவள் உதவி செய்யத் தொடங்கினாள். நீ எதை நம்பிப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பொய் என்று சொல்ல வரவில்லை.

பனி கரையத் தொடங்கின நேரம், ஒருநாள் பாடிக்கொண்டிருக்கும்போது லீசிக்கு இருமல் வந்தது. அவள் நிறுத்திவிட்டாள். திரையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிவது தெரிந்தது. அறைக்குள் பாட்டு நிற்கவில்லை. அலாசி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். லீசியின் குரல் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. லீசி நிமிர்ந்து, தான் வாயைத் திறக்காமல் இருக்கும்போதே அக்கா தன்னோடு பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முடிந்த பிறகு, "நான் நிப்பாட்டினன். நீ நிப்பாட்டேல்லை," என்றாள். அலாசி ஏதோ விளங்கப்படுத்தினாள். சாட்டிலைட், தாமதம், இடத்தைப் பிடித்து வைப்பது. லீசி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நீ ஆரோட பாடினனி?" என்றாள்.

நாங்கள் புரோகிராம் தானாக எழுதிவைக்கிற கணக்கைத் திறந்து பார்த்தோம். லீசியின் குரல் நேரத்துக்கு வந்தது மிகக் கொஞ்சம். ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த ஒரு வரி கைவிட்டிருந்தது. இத்தனை கிழமையும் அவள் அங்கே மூச்சுமுட்டப் பாடியிருக்கிறாள். இங்கே ஒலித்தது கோட்டுகளுக்கு நடுவில் நின்று அவள் பதிந்து அனுப்பிய பழைய சத்தம். அலாசி அந்தக் கணக்கை மேலே கீழே உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு லப்டொப்பை மூடிவிட்டு, ஜாக்கெட்டைக்கூடப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அந்த வருசம் இலையுதிர் காலத்தில் ஒரு கலைக்கூடம் எங்கள் மாணவர்களின் வேலைகளைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்திருந்தது. அலாசியின் வேலைக்கு லீசியை விமானத்தில் கூப்பிடுவது என்று முதலிலிருந்தே எழுதி வைத்திருந்தோம். அலாசி தங்கைக்கு வாக்குக் கொடுத்தாள். "நீ வா. உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பாடுவன். மெசின் ஒரு மூலையில கிடக்கட்டும்." லீசி முதலில் பிள்ளையை யார் பார்க்கிறது என்று கேட்டாளாம். பிறகு, "சரி, வாறன்," என்றாளாம். வேலைக்கு லீவு கேட்டாள். பிள்ளையைப் பார்க்க ஆள் ஒழுங்கு செய்தாள்.

கலைக்கூடத்தில் இருந்து பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அலாசி மெசினோடு பாடிக் காட்டினாள். ஒருங்கமைப்பாளர் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு நாள் கழித்து டோனாவுக்குப் போன் வந்தது. மெசின் இவ்வளவு அழகாகப் பாடும்போது தங்கையைக் கூப்பிடுவது அவசியமில்லை என்று முடிவெடுத்துவிட்டார்களாம், அந்தப் பணத்தை ஒலிபெருக்கிகளுக்கு மாற்றுகிறார்களாம். டோனா கத்தினாள். நான் நேரில் போனேன். "இந்தப் புரோகிராம் அந்தப் பிள்ளைக்குப் பதிலா எழுதினது இல்லை, அவள் வந்து சேருமட்டும் எழுதினது," என்று சொன்னேன். அந்தப் பெண் நான் சொன்னதைக் குறிப்பெடுத்தாள். அது மிகவும் முக்கியமான கருத்து என்றாள். கண்காட்சிச் சுவரில் ஒட்டுகிற விளக்கத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் எழும்பி வந்துவிட்டேன். அந்த ஊர்களில் இருந்து விமானச் சீட்டு எடுப்பது நாங்கள் கைக்காசில் செய்கிற காரியமில்லை. டோனா வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். அடுத்த வருசம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

லீசிக்கு அலாசிதான் சொல்லவேண்டியிருந்தது. லீசி, "ஓம், எனக்கு விளங்குது," என்று மட்டும் சொன்னாளாம். அலாசி அதை என்னிடம் சொல்லும்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் வேலை செய்கிற குசினியின் பின்வாசலில் நின்றேன். "விளங்கேல்லை எண்டு சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன்," என்றாள்.

கண்காட்சி தொடங்கின அன்று மாலை உனக்குச் சீஜெப்பில் சோதனை, நீ வரவில்லை. அப்பா வந்தார். அலாசி ஒரு ஒலிபெருக்கிக்கு முகம் கொடுத்து நின்றாள். அவளுடைய கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். பாடத் தொடங்கினாள். சனம் வைன் கிளாசுகளைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்திவிட்டாள். மூச்சு முட்டவில்லை. நிறுத்தினாள், அவ்வளவுதான். அலாசிக்கு மூச்சு வாங்கினால் அவள் திரும்பிச் சேருமட்டும் தாளத்தை விடாமல் பிடிக்கவேண்டும் என்று புரோகிராமில் எழுதியிருந்தோம். அது பிடித்தது. லீசியின் குரல், இடைவெளி, லீசியின் குரல், இடைவெளி. இரண்டு பேர் பாடியிருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். சிரிப்பைத்தான் வெட்டி எடுத்துவிட்டோமே. அலாசி அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். நான் பக்கத்து அறைக்கு ஓடிப்போய் லப்டொப்பை நிறுத்தினேன். திரும்பி வரும்போது சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கலை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வயதான பெண் அலாசியின் கையைப் பிடித்து, அந்த மௌனம் தன்னை உலுக்கிவிட்டது என்று சொன்னாள். அப்பா என் காதுக்குள், "அந்தப் பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு போ," என்றார். போனோம். தெருமூலையில் இருந்த டெப்பனர் கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை வந்து, லீசியின் குரல் இருக்கிற எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். "அவளின்ர குரல் அவளிட்ட இருக்கட்டும்." பள்ளியின் கம்ப்யூட்டர்களில், என் லப்டொப்பில், பிரதி எடுத்து வைத்திருந்த இடங்களில் எல்லாம் அவள் பக்கத்தில் இருக்க நான் ஒவ்வொன்றாக அழித்தேன். சிரிப்புகள் இருந்த போல்டருக்கு வந்தபோது, "அதை விடுங்கோ," என்றாள். அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். கலைக்கூடத்தில் இருந்ததை அழிக்க முடியவில்லை. அன்று மாலை நடந்ததை அவர்கள் படம்பிடித்திருந்தார்கள். அலாசி போட்ட கையெழுத்தின்படி அது அவர்களுடையது. போன வருசம் வேறொரு நகரத்தில் அதைத் திரையிட்டதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். அலாசியின் பெயர் சரியாகப் போட்டிருந்தார்கள். லீசியின் பெயரும் சின்ன எழுத்தில் இருந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலாசி வகுப்புக்கு வருவதை நிறுத்தி, குளிர் தொடங்க முதல் ஊருக்குத் திரும்பிப் போனாள். எங்கள் வகுப்புக்குக் காசு தந்துகொண்டிருந்தவர்கள் அடுத்த வருசம் வேறு எதற்கோ மாறிவிட்டார்கள். டோனா வகுப்பை இழுத்து நடத்திப் பார்த்தாள், ஏலவில்லை. கம்ப்யூட்டர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயின. செதுக்குகிற மனிதர் திரும்பவும் மரத்துக்குப் போனார். தான் எழுதியதில் எதையும் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. டோனா இப்போது கானவாகேயில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கதைப்போம். அந்த வருசங்களைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. வடக்கே இப்போது புதிய இன்ரநெற் வந்துவிட்டது. தாமதம் கிட்டத்தட்ட இல்லை என்று அலாசி சொல்கிறாள். தேவையென்றால் இரண்டு ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பாடலாம். அதற்குத் தேவையும் இல்லை, இரண்டு பேரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள், ஆறேழு வீடு தள்ளி. ஒன்றாக மீன் பிடிக்கப் போகிறார்கள், ஒருவரின் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்கிறார். பாடுவதில்லை. யாரும் கோபத்தில் இல்லை. அலாசி தொடங்கினாலும், லீசி தன் சத்தத்தை வைக்க முதல் ஒரு கணம் யோசிக்கிறாளாம். அந்த யோசனையோடு அதைப் பாட ஏலாதாம்.

இதில் யாருடைய பிழை என்று நான் கனகாலம் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டோம், சொல்லவேண்டிய இடத்தில் சொன்னோம். ஆட்கள் நல்லவர்களாக இருந்தார்கள். புரோகிராம் சரியாக வேலை செய்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிழை இருந்தால் உனக்குச் சொல்லிவிடுவேன், நீ அதைத் திருத்திக்கொண்டு போவாய். நீ காரில் வைத்து, "அவையளின்ர கதையை அவையளே சொல்லுறதுக்கு ஒரு கருவி குடுக்கிறம்," என்று சொன்னாய். தம்பி, அவர்கள் தங்கள் கதையை எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கருவி இல்லாமல் அது நின்றுபோகவில்லை. நீ கொண்டுபோகிற கருவி நல்லது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது எவ்வளவுக்கு நல்லதோ அவ்வளவுக்கு, விமானச் சீட்டு கொடுக்கவேண்டியவர்கள் இனி அது தேவையில்லை என்று சொல்வார்கள். ஆசிரியரை அனுப்பவேண்டிய இடத்துக்கு மெசினை அனுப்புவார்கள். நீ அங்கே இருக்கும்போதே அது நடக்கும். நீ எதிர்த்துப் பேசுவாய். குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

போகவேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். எழுதினாலும் நீ கேட்கமாட்டாய். அப்பாவும் நானும் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது எங்களுக்கும் ஆட்கள் போகவேண்டாம் என்று சொன்னவைதானே. அதனால் செவ்வாய்க்கிழமை அலாசிக்குப் போன் எடுத்தேன். மகன் வடக்குக்குப் படிப்பிக்க வருகிறான், உன்னுடைய ஊர் இல்லை, வேறு ஊர் என்று சொன்னேன்.  லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கெற்றில் விசிலடிப்பது தெளிவாகக் கேட்டது.

"எத்தினை வருசம்?" என்றாள்.

"ரெண்டு எண்டு சொல்லுறான்."

"அதை முதல் நாளே வகுப்பில சொல்லச் சொல்லுங்கோ. இஞ்ச வாற எல்லாரும் இருக்கப்போற ஆக்கள் மாதிரித்தான் தொடங்குகினம். பிள்ளையள் அதை நம்பித்தான் வாயைத் திறக்கிறவை."

"வரவேண்டாம் எண்டு சொல்லுறியா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. வந்தாலும் ஒண்டுதான், வராட்டிலும் ஒண்டுதான். வந்தால் எப்ப போவன் எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கட்டும்."

நான் சரி என்றேன். அவள் உன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், கடைசி எழுத்து அவளுக்கு வரவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நீ போவாய் என்று தெரியும். முதல் நாள் கம்ப்யூட்டர்களைத் திறக்க முதல், இரண்டு வருசத்தில் நான் போய்விடுவேன் என்று உன் வாயால் அவர்களுக்குச் சொல்லு. அதற்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார், வேறு பக்கம் திரும்பாதே. எழும்பிப் போகிறவர்களை மறிக்கவேண்டாம். அதற்குப் பிறகும் கதிரையில் யாராவது இருந்தால், அவர்களுக்குப் படிப்பி.

அம்மா